எந்தக் காரின் நோயோடு குடித்தனம் நடத்துவது?

யோகோஹாமா துறைமுகத்தை ஒட்டி, நெடுஞ்சாலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு இறங்கும் இடத்தில் டைகோகு என்று ஒரு ஓய்விடம் இருக்கிறது. பெயருக்கு அது நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் டீ குடித்து இளைப்பாறும் இடம்தான். வார இறுதியில் போய்ப் பாருங்கள், முப்பது வயது தாண்டிய ஸ்போர்ட்ஸ் கார்கள் வரிசை கட்டி நிற்கும். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த மதுரைத் தம்பி ஒருவனை அங்கே கூட்டிக்கொண்டு போனது என் தவறு. மறுநாளிலிருந்து ஆரம்பித்தான்.

"அண்ணே, ஜிடி-ஆர் எடுக்கட்டுமா, ஆர்எக்ஸ்-7 எடுக்கட்டுமா?"

"எங்கடா நிறுத்துவ?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம்ணே."

ஜப்பானில் வேலை பார்க்கும் நம்மவர்களில் இவன் ஆறாவது ஆளோ ஏழாவது ஆளோ, இதே கேள்வியோடு வந்தவன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை மொத்தமாக எழுதி வைக்கிறேன். இந்தியாவில் இருந்துகொண்டு படிப்பவர்கள் ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். மூன்று வருடத்துக்கு மேல் பழைய காரை அங்கே இறக்குமதி செய்ய விதி இடம் தராது.

பேச்சில் அடிபடுபவை பெரும்பாலும் நான்கு கார்கள். மாஸ்டா ரோட்ஸ்டரின் முதல் தலைமுறை, நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் ஆர்32, மாஸ்டா ஆர்எக்ஸ்-7இன் கடைசித் தலைமுறையான எஃப்டி, ஹோண்டா என்எஸ்எக்ஸ். நான்கும் இரண்டு மூன்று வருட இடைவெளிக்குள் பிறந்தவை. 1989 டிசம்பர் கடைசியில் ஜப்பானியப் பங்குச் சந்தைக் குறியீடான நிக்கேய் 38,915 புள்ளிகளில் முடிந்தது. கம்பெனிகளிடம் பணம் கரைபுரண்ட காலம் அது. எஞ்சினியர் கேட்டதைக் கொடுத்தார்கள். அடுத்த சில வருடங்களில் சந்தை சரிந்தது, அந்த மாதிரிச் செலவும் நின்றது. இந்தக் கார்களுக்கு இன்றைக்கும் இவ்வளவு மவுசு இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

## எதை வைத்து எடை போடுகிறேன்

குதிரைத்திறனை அளவுகோலில் சேர்க்கவில்லை. அந்தக் காலத்தில் ஜப்பானியக் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு, உள்நாட்டில் 280 குதிரைத்திறனுக்கு மேல் எந்தக் காரையும் அறிவிப்பதில்லை என்று 2004 வரை கட்டுப்பாடாக இருந்தார்கள். ஜிடி-ஆரும் 280, என்எஸ்எக்ஸும் 280, ஆர்எக்ஸ்-7ம் கடைசியில் 280. ரோட்ஸ்டர் 120. ஒன்றைத் தவிர மற்றவை காகிதத்தில் சமம் என்றால் அந்த எண்ணை வைத்து என்ன முடிவெடுப்பது?

நான் முதலில் பார்ப்பது நோயை. முப்பது வயதுக் காரில் ஏதாவது ஒன்று கெட்டே தீரும். அது மெதுவாகக் கெடுமா, ஒரே நொடியில் இன்ஜினைக் கொன்றுவிடுமா? அடுத்தது வைத்தியர். தெருமுனை மெக்கானிக் போதுமா, அந்த ஒரே காரைப் பார்த்துப் பார்த்துப் பழகிய ஆளிடம்தான் போக வேண்டுமா? மூன்றாவது, பாகங்களைக் கம்பெனி இன்னும் விற்கிறதா என்பது.

அதற்கப்புறம் அரசாங்கம் எடுத்துக்கொள்வது. ஜப்பானில் வருடாந்திர கார் வரி இன்ஜின் அளவைப் பொறுத்தது. 13 வருடம் தாண்டிய பெட்ரோல் காருக்கு அதில் ஏறத்தாழ 15 சதவீதம் கூடுதல். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஷாக்கென் என்ற தகுதிச் சோதனை, அதோடு எடைவரி. எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் நிறுத்துமிடம் இருக்கிறது என்று போலீஸ் நிலையத்தில் சான்று வாங்க வேண்டும். தம்பி "அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொன்னது இதைத்தான்.

கடைசியாகத் திருட்டு. அப்புறம் ஓட்டும் சுகம். அதையும் சாதாரண வேகத்தில் கிடைக்கும் சுகமாகவே கணக்கில் எடுக்கிறேன். இங்கே நெடுஞ்சாலை வேக வரம்பே பெரும்பாலும் மணிக்கு 100 கிலோமீட்டர்தான்.

## மாஸ்டா ரோட்ஸ்டர்: ஏழைக்கேற்ற எள்ளுருண்டை இல்லை

1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் வெளிவந்தது. ஜப்பானில் அந்தச் செப்டம்பரில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தபோது விலை 17 லட்சம் யென். துணிக்கூரை, இரண்டே இருக்கை, முன்னால் 1.6 லிட்டர் இன்ஜின், பின் சக்கர ஓட்டம், எடை 940 கிலோ. லோட்டஸ் எலான் போன்ற பிரிட்டிஷ் திறந்த கார்கள் எண்ணெய் ஒழுகி, வயரிங் புகைந்து, சந்தையை விட்டே போயிருந்தன. அதே சுகத்தை ஒழுகாமல் கொடுக்க முடியுமா என்பதுதான் மாஸ்டா எடுத்துக்கொண்ட வேலை. குதிரையும் வீரனும் ஒரே உடம்பு என்ற பொருளில் 'ஜின்பா இத்தாய்' என்பார்கள். விளம்பர வாசகம்தானே என்று நானும் நினைத்தேன். ஹக்கோனே மலைச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டரில் இரண்டு வளைவு திரும்பிய பிறகு நினைக்கவில்லை. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது ரோட்ஸ்டர் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது.

இதன் நோய் துரு, அதுவும் உள்ளிருந்து வருவது. துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைக்குப் பின்னால் இரண்டு குழாய்கள் வழியாகக் கீழே வடிய வேண்டும். இலையும் தூசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வழிமாறிக் கதவுக்குக் கீழே உள்ள பெட்டிச் சட்டத்துக்குள் தேங்கும். பின்சக்கரத்துக்கு முன்னால் பெயிண்ட் லேசாகக் கொப்பளித்திருந்தால் உள்ளே ஏற்கெனவே அப்பளம் ஆகிவிட்டது என்று அர்த்தம். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். என்னுடையதை வாங்கிய கடையில் பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. முதல் ஷாக்கெனுக்கு ஜாக்கி வைத்துத் தூக்கியபோது மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரால் தட்டினார், அது உள்ளே போய்விட்டது. டின்கரிங் செலவு காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு வந்தது. கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். குழாயில் விரலை விட்டுப் பார்க்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மற்ற கோளாறுகள் சில்லறை. ஆரம்ப வருட 1.6 இன்ஜின்களில் கிராங்க் முனையில் புல்லி பிடிக்கும் இடம் ஆட்டம் காணும், அதை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் தையல் மிஷின் மாதிரி டிக்டிக் என்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம். கிளட்ச் சிலிண்டர் ஒழுகும். பிளாஸ்டிக் பின்கண்ணாடி மங்கும். எல்லாவற்றையும் தெருமுனை மெக்கானிக்கே செய்துவிடுவார், பாதியை நீங்களே செய்யலாம்.

இதன் பெரிய பலம் பாகங்கள். ஹிரோஷிமாவில் மாஸ்டாவே முதல் தலைமுறை ரோட்ஸ்டரை எடுத்துப் பழுது பார்த்துத் தரும் திட்டத்தை 2017ல் அறிவித்தது. அதற்காகத் துணிக்கூரை, நார்டி மர ஸ்டியரிங், அந்தக் கால வடிவிலேயே டயர் எல்லாம் மறுபடி செய்தார்கள்.

மறைமுகச் செலவு பணத்தில் இல்லை. இரண்டு இருக்கை, கைப்பையளவு டிக்கி. குழந்தை பிறந்தால் இன்னொரு கார், அதற்கு இன்னொரு நிறுத்துமிடச் சான்று. ஆறடிக்கு மேல் உயரமானவர்கள் வாங்குவதற்கு முன்னால் கூரையை மூடி உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். இதை முதல் பழைய காராக வாங்குபவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து கையை அழுக்காக்கிக்கொள்ள ஆசைப்படுபவர்களுக்கும் நான் வேறு எதையும் சொல்வதில்லை.

## ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32: பந்தயத்துக்காகப் பிறந்தது, ரோட்டில் வளர்ந்தது

இந்தக் காரின் இன்ஜின் 2,568 சிசி. இரண்டரையும் இல்லை, மூன்றும் இல்லை, ஏன் இப்படி ஒரு அளவு? குரூப் ஏ பந்தய விதியில் டர்போ இன்ஜினின் அளவை 1.7ஆல் பெருக்கி வகை பிரிப்பார்கள். 2,568ஐப் பெருக்கினால் ஏறத்தாழ 4,366 வரும். 4,500 சிசி வகைக்குள் கச்சிதமாக அடங்கும், அந்த வகையில் அகலமான டயர் போட அனுமதி உண்டு. அதாவது பந்தய விதிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்த குடும்பக் கார் இது. ஜப்பானியச் சாம்பியன்ஷிப்பில் 1990 முதல் 1993 வரை ஓடிய 29 பந்தயங்களில் 29ஐயும் வென்றது. 1991, 1992ல் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் பந்தயத்தையும் வென்றபோது அங்கே கூட்டம் கூச்சல் போட்டது. 'காட்ஸில்லா' என்ற பட்டப்பெயரும் ஆஸ்திரேலியப் பத்திரிகைக்காரர்கள் வைத்ததுதான்.

சாதாரணமாகப் பின்சக்கரங்களே இதை ஓட்டும். அவை வழுக்க ஆரம்பித்ததும் கம்ப்யூட்டர் ஒரு பல்தட்டுக் கிளட்ச்சை ஹைட்ராலிக் அழுத்தத்தில் இறுக்கி, பாதி வரை சக்தியை முன்னுக்கு அனுப்பும். மழை பெய்த சாலையில் இதை ஓட்டிப் பார்த்தால் புரியும், பின்பக்கம் லேசாக நழுவி நீங்கள் பயப்படுவதற்குள் முன்சக்கரம் இழுத்துக்கொள்ளும். நான்கு பேர் உட்காரலாம், டிக்கியில் பெட்டி வைக்கலாம்.

நோய்களில் முதலாவது எண்ணெய் பம்ப். ஆரம்ப ஆர்32களில் பம்பைச் சுழற்றும் கிராங்க் முனையின் பிடிப்பு நீளம் குறைவு. அதிக ஆர்.பி.எம்.மில் அடித்து ஓட்டினால் பம்பின் உள்கியர் உடையும், எண்ணெய் அழுத்தம் விழும், இன்ஜின் பிடித்துக்கொள்ளும். இன்ஜினை வெளியே எடுக்கும்போதெல்லாம் விவரம் தெரிந்த மெக்கானிக் இதைச் சரிசெய்துவிடுவார். இரண்டாவது, டர்போவின் உள்ளே உள்ள சுழலி பீங்கான். எடை குறைவு என்று நிஸ்ஸான் அப்படிச் செய்தது. கம்பெனி வைத்த அழுத்தத்தில் அது தாங்கும். முந்தைய ஓனர்களில் யாராவது அழுத்தத்தைக் கூட்டியிருந்தால் ஒருநாள் தூள்தூளாகும். மூன்றாவது துரு: சஸ்பென்ஷன் மேலே பிடிக்கும் இடம், பின் சக்கர வளைவு, ஜாக்கி வைக்கும் விளிம்பு. இக்னிஷன் காயில், ஏர்ஃப்ளோ மீட்டர், பின்சக்கர ஸ்டியரிங்கின் எண்ணெய்க் கசிவு எல்லாம் வயது தரும் உபத்திரவங்கள்.

ஆனால் ஜிடி-ஆரின் உண்மையான நோய் முந்தைய ஓனர். இந்த இன்ஜின் 280ஐத் தாண்டி எவ்வளவோ தரும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் ஏறத்தாழ எல்லோரும் கை வைத்தார்கள். யாரும் தொடாத ஆர்32 கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தால் அதன் விலை தனி. நான் விற்பனைக்கு வந்த ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். "லேசா ட்யூன் பண்ணியிருக்கு" என்றார் விற்பவர். பானெட்டுக்குக் கீழே கம்பெனி போட்ட பொருளாக எனக்கு அடையாளம் தெரிந்தது தண்ணீர் தொட்டி மட்டும்தான்.

பாகங்களை நிஸ்ஸானின் பந்தயப் பிரிவான நிஸ்மோ 2017 இறுதியிலிருந்து மறுபடி விற்கிறது. கிடைக்கிறதா என்றால் கிடைக்கிறது. விலையைப் பார்த்தால் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருக்கும். 25 வருடம் ஆன காரை அமெரிக்கர்கள் கட்டுப்பாடில்லாமல் இறக்குமதி செய்துகொள்ளலாம். ஆர்32க்கு அந்த வாசல் 2014ல் திறந்தது, அதற்குப் பிறகு ஜப்பானில் இதன் விலை எகிறியது. விலை ஏறியதும் திருடர்கள் வந்தார்கள். திறந்த பார்க்கிங்கில் இதை நிறுத்துவது வீட்டு வாசலில் நகையைக் காயப்போடுவதற்குச் சமம். வண்டிச் சேதத்துக்கும் திருட்டுக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, இன்றைய சந்தை விலைக்குக் கொடுப்பார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பூட்டும் கராஜும், ஜிடி-ஆரையே தொழிலாக வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பும் பக்கத்தில் இருந்தால் இது நல்ல தேர்வு. குடும்பத்தோடு போக ஒரே கார் என்பவர்களுக்கும் இந்த நான்கில் பொருந்துவது இதுதான்.

## மாஸ்டா ஆர்எக்ஸ்-7 எஃப்டி: அழகி, ஆனால் தினமும் நாடி பார்க்க வேண்டும்

என் கண்ணுக்கு இந்த நான்கில் மட்டுமில்லை, ஜப்பான் செய்த எல்லாக் கார்களிலும் இதுதான் அழகு. சொல்லிவிட்டேன். இனி நான் சொல்வதை அந்தப் பாரபட்சத்தைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

இதில் பிஸ்டன் கிடையாது. கொழுக்கட்டை மாதிரி வயிறு உப்பிய முக்கோண ரோட்டர் இரண்டு, நடுவில் இடுப்பு குறுகிய நீள்வட்ட அறைகளுக்குள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் 654 சிசி, மொத்தம் 1,308. ரோட்டரி என்றும் சொல்லப்படும் இந்த வான்கெல் இன்ஜினை ரோட்டுக்குக் கொண்டுவர முயன்றவர்கள் பலர். யாமமோட்டோ கெனிச்சி தலைமையில் மாஸ்டாவின் 47 எஞ்சினியர்கள் விடாமல் நின்றார்கள். அறைச் சுவரில் வரிவரியாக விழுந்த தேய்மானத்துக்குப் 'பேயின் நகக்கீறல்' என்று பெயர் வைத்து, அதோடு போராடி, 1967ல் காஸ்மோ ஸ்போர்ட்டை விற்பனைக்கு விட்டார்கள். 1991ல் நான்கு ரோட்டர் கொண்ட 787பி லெமான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. ஒரு ஜப்பானியக் கம்பெனி லெமானில் வென்றது அதுவே முதல்முறை. கடைசிச் சுற்றுகளை ஓட்டி முடித்த ஜானி ஹெர்பர்ட் உடம்பில் நீர் வற்றிச் சுருண்டுவிட்டதால் வெற்றி மேடையிலேயே ஏற முடியவில்லை. அதே வருடக் கடைசியில் எஃப்டி கடைக்கு வந்தது. 2002ல் நின்றது.

இன்ஜின் சின்னது, லேசானது, முன் அச்சுக்குப் பின்னால் தாழ்வாக உட்கார்ந்திருக்கும். மொத்த எடை 1,250 கிலோவை ஒட்டி. ஸ்டியரிங்கைத் திருப்ப நினைத்தாலே மூக்கு திரும்புவது போல இருக்கும், அதிர்வு என்பதே இருக்காது. கீழ் ஆர்.பி.எம்.மில் ஒரு டர்போ, 4,500ஐ ஒட்டி இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும்.

சரி, நோய்க்கு வருவோம். ரோட்டரின் மூன்று முனைகளிலும் அபெக்ஸ் சீல் என்ற மெல்லிய உலோகப் பட்டை சுவரோடு உரசிக்கொண்டே போகும். அதுதான் காற்றழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. பெட்ரோல் தரம் குறைந்தோ, டர்போ அழுத்தம் அளவுக்கு மீறியோ இன்ஜின் ஒருமுறை கடுமையாக நாக் அடித்தால், அதாவது உள்ளே பெட்ரோல் நேரம் தப்பி வெடித்தால் போதும், பட்டை உடைந்து சுவரைக் கிழித்துக்கொண்டு டர்போ வழியாக வெளியே போகும். பிஸ்டன் இன்ஜின் கெட்டால் கொஞ்ச நாள் இருமிக்கொண்டாவது ஓடும், இது அப்படி இல்லை. ஒரு ரோட்டர் செத்தால் கார் லாரி மேல்தான் வீட்டுக்கு வரும்.

அந்தப் பட்டையை நனைக்க இன்ஜின் வேண்டுமென்றே எண்ணெயை உள்ளே விட்டு எரிக்கிறது. ஆகவே இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒருமுறை எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். டர்போக்களை மாற்றி மாற்றி இயக்குவது வெற்றிடக் குழாய்களின் ஒரு பெரிய சிக்கல், பானெட்டுக்குள் எலி கூடு கட்டியது போல இருக்கும். அங்கே அடிக்கும் சூட்டில் முப்பது வருட ரப்பர் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். கூலன்ட் காற்றைப் பிரிக்கும் பிளாஸ்டிக் தொட்டி வெடிக்கும், அதை முதல் நாளே உலோகத்தில் மாற்றிவிடுங்கள். இன்னொன்று: பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார் என்று ஸ்டார்ட் செய்து பத்தடி நகர்த்தி உடனே ஆஃப் செய்யாதீர்கள். பிளக் பெட்ரோலில் நனைந்துவிடும், அப்புறம் ஸ்டார்ட் ஆகாது. சூடேறும் வரை ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு இதைப் புரிய வைப்பது உங்கள் பாடு.

இன்ஜினைக் கழற்றிப் புதுப்பிக்கும் ஓவர்ஹால் என்பது இந்தக் காரில் டைமிங் பெல்ட் மாற்றுவது போலக் காலம் வந்தால் செய்தே ஆக வேண்டிய செலவு. வாங்கும் விலையோடு அதையும் சேர்த்துத்தான் உங்கள் பட்ஜெட். செய்யத் தெரிந்த கைகள் ஜப்பானில் நிறையவே இருக்கின்றன, ஆனால் அவை ரோட்டரி ஒர்க்‌ஷாப்களில்தான் இருக்கின்றன. தெருமுனை மெக்கானிக் நல்லவராக இருந்தால் "எனக்குத் தெரியாது" என்பார். தெரியும் என்று சொல்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

வரியில் ஒரு வேடிக்கை. 1,308 சிசி தானே, குறைவாக வரும் என்று நினைப்பீர்கள். வரித்துறைக்கு ரோட்டரி தெரியும், ஒன்றரையால் பெருக்கி 1,962 சிசி என்று எடுத்துக்கொள்ளும்.

வேறொரு காரை அன்றாடத்துக்கு வைத்துக்கொண்டு, இதைக் கவனிக்கவே நேரம் ஒதுக்க முடிகிறவர் வாங்கலாம். ஓவர்ஹால் செய்த ரசீதும், எந்த ஒர்க்‌ஷாப் செய்தது என்ற விவரமும் உள்ள வண்டியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இல்லாவிட்டாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

## ஹோண்டா என்எஸ்எக்ஸ்: விலை ஒன்றுதான் தடை

உடல் முழுக்க அலுமினியத்தில் செய்து தொடர் உற்பத்தியில் விற்ற முதல் கார். 1990ல் 80 லட்சம் யென். இன்ஜின் முதுகுக்குப் பின்னால், 3 லிட்டர் வி6, டர்போ இல்லை, டைட்டானியக் கனெக்டிங் ராடு, 8,000 ஆர்.பி.எம். வரை பாடும். 1989ல் சுசுகாவில் பந்தய வீரர் ஐர்டன் சென்னா இதன் முன்மாதிரி வண்டியை ஓட்டிப் பார்த்து உடல் நொய்ந்தாற்போல் இருக்கிறது என்றார். ஹோண்டா ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங்குக்குக் கொண்டுபோய் மாதக்கணக்கில் ஓட்டி உடலை இறுக்கியது. மெக்லாரன் எஃப்1ஐ வடிவமைத்த கார்டன் மரே இந்தக் காரிலிருந்து கற்றுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட கார், ஆனால் கிளட்ச் லேசு, போர் விமானம் போல நாலாபக்கமும் தெரியும், ஏசி குளிரும். பால் வாங்கக்கூட எடுத்துக்கொண்டு போகலாம்.

நோய்கள் குறைவு. ஏசியைக் கட்டுப்படுத்தும் போர்டில் கெப்பாசிட்டர் ஒழுகும், ஜன்னல் ஏற்றும் பொறி சோரும், ஆரம்ப வருட கியர்பாக்ஸ் சிலவற்றில் ஒரு வளையம் உடையும். பின் டயர்கள் சீக்கிரம் தேயும். பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான்: இடித்துவிட்டால் அலுமினியத்தை நிமிர்த்துவது சாதாரண டின்கர் வேலை இல்லை. விபத்தில் அடிபட்ட என்எஸ்எக்ஸை மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். ஹோண்டாவே 1993 முதல் இந்தக் காரைக் கழற்றிப் புதுப்பிக்கும் 'ரிஃப்ரெஷ்' திட்டத்தை நடத்தி வந்திருக்கிறது. அப்படிச் செய்த காகிதத்தோடு வரும் வண்டிக்குக் கொஞ்சம் அதிகம் கொடுக்கலாம்.

அகலம் 1,810 மில்லிமீட்டர். இயந்திர அடுக்குப் பார்க்கிங் உள்ள பழைய அடுக்குமாடிகளில் 1,800தான் வரம்பு என்று பலகை இருக்கும். பத்து மில்லிமீட்டருக்காக வீடு மாறிய ஒருவரை எனக்குத் தெரியும். அவர் மனைவியிடம் இன்றும் வேறு காரணம் சொல்லி வைத்திருக்கிறார்.

பணம் இருந்தால் இதுதான். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ரோட்ஸ்டர் | ஜிடி-ஆர் ஆர்32 | ஆர்எக்ஸ்-7 எஃப்டி | என்எஸ்எக்ஸ் |
|---|---|---|---|---|
| காலம் | 1989–1997 | 1989–1994 | 1991–2002 | 1990–2005 |
| ஆரம்ப இன்ஜின் | 1.6 லிட்டர், 4 சிலிண்டர் | 2.6 லிட்டர், 6 சிலிண்டர், 2 டர்போ | 2 ரோட்டர், 2 டர்போ | 3 லிட்டர் வி6 |
| ஆரம்ப குதிரைத்திறன் | 120 | 280 | 255 | 280 |
| எடை (சுமார்) | 940 கிலோ | 1,430 கிலோ | 1,250 கிலோ | 1,350 கிலோ |
| அகலம் | 1,675 மிமீ | 1,755 மிமீ | 1,760 மிமீ | 1,810 மிமீ |
| புதிதில் விலை (யென்) | 17 லட்சம் | 44.5 லட்சம் | 36 லட்சம் முதல் | 80 லட்சம் |
| வருட வரி, கூடுதலோடு (யென்) | 45,400 | 58,600 | 45,400 | 58,600 |
| 2 வருட எடைவரி (யென்) | 25,200 | 37,800 | 37,800 | 37,800 |
| பெட்ரோல் | சாதாரணம் | உயர் ஆக்டேன் | உயர் ஆக்டேன் | உயர் ஆக்டேன் |
| கொல்லும் நோய் | துரு | எண்ணெய் பம்ப், பழைய ஓனர் | அபெக்ஸ் சீல் | விபத்து |
| வைத்தியர் | தெருமுனை | ஜிடி-ஆர் ஒர்க்‌ஷாப் | ரோட்டரி ஒர்க்‌ஷாப் மட்டும் | ஹோண்டா |

வரி வரிசையைப் பாருங்கள். அதிகபட்ச வித்தியாசமே வருடத்துக்கு இருபதாயிரம் யென்னுக்குள். வரிக்குப் பயந்து ரோட்ஸ்டர் எடுக்கிறேன் என்று சொல்பவர் கணக்குப் போடவில்லை. வித்தியாசமெல்லாம் கடைசி இரண்டு வரிசைகளில் இருக்கிறது.

டொயோட்டா சுப்ராவையும் ஏஇ86ஐயும் ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். 1993 சுப்ராவின் இன்ஜின் இரும்புக் கோட்டை, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஜிடி-ஆருக்குச் சொன்ன முந்தைய ஓனர் பிரச்சினை இதற்கு இரண்டு மடங்கு. ஏஇ86 1983ல் வந்த எளிய கொரோலா வகை, மலைச்சாலைப் பந்தயக் கதைகளால் விலை ஏறிப்போனது. அந்தப் பணத்துக்கு நல்ல ரோட்ஸ்டர் வாங்கி மீதியில் கூரையும் மாற்றலாம்.

## வாங்கப் போகும்போது

பழைய கார் ஏலத்தில் எடுப்பதென்றால் உறுப்பினராக உள்ள டீலர் மூலம்தான் முடியும். வண்டியைச் சோதித்து எழுதிய ஏலத் தாளில் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். கார் படத்தின் மேல் எழுதியிருக்கும் எழுத்துகள் முக்கியம்: எஸ் என்றால் துரு, சி என்றால் அரிப்பு, டபிள்யூ என்றால் டின்கரிங் செய்த அலை, இரண்டு எக்ஸ் சேர்ந்திருந்தால் அந்தத் தகடே மாற்றப்பட்டது. மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் ஆர் என்று இருந்தால் சட்டம் வரை பழுது பார்த்த வண்டி. ரோட்ஸ்டருக்கு எஸ், சி பார்த்தால் விலகுங்கள். என்எஸ்எக்ஸுக்கு ஆர் பார்த்தால் ஓடுங்கள்.

எஃப்டிக்கு ஏலத் தாள் பாதி உண்மைதான் சொல்லும், ஏனென்றால் அதில் இன்ஜினின் உள்ளே தெரியாது. ரோட்டரிக்கென்றே உள்ள கருவியில் கம்ப்ரஷன், அதாவது அறைகள் பிடித்து வைக்கும் காற்றழுத்தம், பார்க்க வேண்டும். சாதாரண கேஜ் ஒரு ரோட்டரின் மூன்று அறைகளில் எது அதிகமோ அதை மட்டும் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். ஆறு எண்கள் வர வேண்டும். 8க்கு மேல் இருந்தால் ஆரோக்கியம், அறைகளுக்குள் வித்தியாசம் 1.5ஐத் தாண்டக் கூடாது.

தம்பி போன சனிக்கிழமை சைத்தாமாவில் ஒரு எஃப்டி பார்க்கப் போயிருந்தான். நிறுத்துமிடம் இன்னும் பிடிக்கவில்லை, அது வேறு விஷயம். நான் சொன்னபடி கம்ப்ரஷன் எடுக்கச் சொல்லித் தாளைப் படம் பிடித்து அனுப்பினான். முன் ரோட்டர் 8.3, 8.4, 8.2. பின் ரோட்டர் 8.1, 8.2, 6.4.

"திரும்பி வா" என்று எழுதினேன்.

பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது. "கலர் செமயா இருக்குண்ணே."